ஆபரேஷன் முடிஞ்சுது, இனி 8 கீமோ: பணக் கணக்கை எப்படிப் போடுறது?

வழக்கமா இங்க எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், ஐடிஆர் இதையெல்லாம்தான் பேசுவோம். இந்த வாரம் என் சொந்த வீட்டுக் கணக்கு ஒண்ணை உங்க முன்னாடி வைக்கிறேன்.

2023 செப்டம்பர்ல எங்க அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் நடந்தது. அப்ப அவருக்கு 62 வயசு. குடல்ல இருந்த கட்டியோட, கல்லீரல்ல பரவியிருந்த ஒரு சின்னக் கட்டியையும் சேர்த்து எடுத்தாங்க. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்ததும் "அப்பாடா, முடிஞ்சது"ன்னு நினைச்சோம். மூணாவது வாரம் டாக்டரைப் பார்க்கப் போனப்ப, "அடுத்து ஆறு மாசம் கீமோ" அப்படின்னார்.

நான் சிஏ. அடுத்தவங்களுக்கு கிளெய்ம் பத்தியும் வரி பத்தியும் சொல்லிக் கொடுக்கிறவன். அப்படியிருந்தும் அந்த ஆறு மாசத்துல மூணு தப்பு பண்ணினேன். அது உங்க வீட்டுல நடக்கக்கூடாது, அதுக்காகத்தான் இந்தப் பதிவு.

கட்டியை எடுத்த பிறகும் கீமோ எதுக்கு?

மருத்துவ முடிவை எடுக்க வேண்டியவர் உங்க டாக்டர். ஆனா பணக் கணக்கு போட இந்த அடிப்படை தெரிஞ்சிருக்கணும்.

சர்ஜன் கண்ணுக்குத் தெரிஞ்ச கட்டியை எடுத்துடுவார். ஸ்கேன்ல கூடத் தெரியாத செல்கள் ரத்தத்திலயோ வேற உறுப்பிலயோ தங்கியிருக்கலாம். அதுங்க மறுபடி வளராம இருக்கத்தான் ஆபரேஷனுக்குப் பிறகு கீமோ. நோய் நிணநீர் முடிச்சு வரைக்கும் போயிருந்தா மூணாவது ஸ்டேஜ். கல்லீரல், நுரையீரல் மாதிரி தூரத்து உறுப்புக்குப் போயிருந்தா நாலாவது ஸ்டேஜ். நாலாவது ஸ்டேஜ்னா எல்லாம் முடிஞ்சதுன்னு அர்த்தம் இல்லை. கல்லீரல்ல எடுக்கக்கூடிய அளவுல இருந்தா அதையும் ஆபரேஷன்ல எடுக்கிறாங்க.

பரவலா கொடுக்கிற மருந்து முறை ரெண்டு:

1. கேப்பாக்ஸ்: 21 நாளைக்கு ஒரு சைக்கிள். முதல் நாள் ஆஸ்பத்திரியில ஆக்ஸாலிபிளாட்டின் டிரிப். அதோட சேர்த்து 14 நாள் வீட்டுல கேபசிடாபின் மாத்திரை. அப்புறம் 7 நாள் இடைவெளி. ஆறு மாசத்துக்கு 8 சைக்கிள்.

2. ஃபால்ஃபாக்ஸ்: 14 நாளைக்கு ஒரு சைக்கிள், ஆறு மாசத்துக்கு 12. இதுல ஒரு மருந்து சுமார் 46 மணி நேரம் பம்ப் மூலமா உள்ள போகும். அதுக்காகப் பெரும்பாலும் நெஞ்சுப் பக்கம் தோலுக்கு அடியில் போர்ட் வைப்பாங்க.

மூணாவது ஸ்டேஜ்ல ரிஸ்க் குறைவா இருக்கிற சிலருக்கு மூணு மாசம் போதும்னு டாக்டர் சொல்லலாம். அதனால முதல் கேள்வியே "எந்த முறை, எத்தனை சைக்கிள்?" அப்படின்னு இருக்கட்டும். இது தெரியாம பட்ஜெட் போட முடியாது.

அப்பாவுக்கு கேப்பாக்ஸ், 8 சைக்கிள். நவம்பர் 1-ல தொடங்கி மார்ச் கடைசி வரைக்கும். ஆக்ஸாலிபிளாட்டின் உடம்புல இருக்கிறப்ப குளிர்ச்சியைத் தொட்டாலே ஊசி குத்துற மாதிரி இருக்கும். காலையில குழாய்த் தண்ணியில கை வைக்க மாட்டார், எவர்சில்வர் டம்ளரை டவல் சுத்திப் பிடிப்பார். விரல் மரத்துப்போய் சட்டைப் பட்டன் போட முடியாத நாளும் உண்டு. இதே நோய் சம்பாதிக்கிற வயசுல இருக்கிற ஒருத்தருக்கு வந்தா, கீபோர்டு தட்டுற வேலையே கஷ்டம். சம்பள இழப்பையும் செலவுக் கணக்குல சேர்க்கச் சொல்றது அதனாலதான்.

எங்க வீட்டுக் கணக்கு

தம்பி சென்னையில ஐடி கம்பெனியில இருந்தான். அவன் ஆபீஸ் குரூப் பாலிசியில அப்பா, அம்மாவையும் சேர்த்திருந்தான். காப்பீட்டுத் தொகை 5 லட்சம். பாலிசி வருஷம் ஜனவரி 1-ல புதுசாகும்.

- ஆபரேஷனுக்குப் போனது: ரூ.4,20,000
- மீதி: ரூ.80,000
- ஒரு சைக்கிள் செலவு (டிரிப், மாத்திரை, ரத்தப் பரிசோதனை): சுமார் ரூ.32,000
- டிசம்பர் 31-க்குள்ள வந்த சைக்கிள்: 3, அதாவது ரூ.96,000
- கைக்காசு: ரூ.16,000
- ஜனவரிக்குப் பிறகு வந்த 5 சைக்கிள்: ரூ.1,60,000. புது வருஷத்து 5 லட்சத்துல இருந்து போச்சு.

மொத்தம் கீமோவுக்கு ரூ.2,56,000. இது எங்க ஆஸ்பத்திரி, எங்க மருந்துக்கான நம்பர். உங்களுக்கு மாறும். ஆனா போடுற முறை இதுதான்: மொத்த சைக்கிளை ரெண்டு பாலிசி வருஷமாப் பிரிச்சுப் பாருங்க. கீமோ ரெண்டு வருஷத்துல விழுந்தா, ரெண்டாவது வருஷம் முழுத் தொகையும் மறுபடி கிடைக்கும். அதனாலதான் கீமோ நடுவுல ரெனியுவல் தேதியை ஒரு நாள்கூடத் தவற விடக்கூடாது. தனிநபர் பாலிசியில நீங்க கிளெய்ம் பண்ணீங்க என்கிற காரணத்துக்காக ரெனியுவலை மறுக்கவோ, உங்களுக்கு மட்டும் பிரீமியத்தை ஏத்தவோ கம்பெனிக்கு உரிமை கிடையாது.

இன்சூரன்ஸ்ல பார்க்க வேண்டிய நாலு விஷயம்

1. டே கேர்: கீமோவுக்கு 24 மணி நேரம் அட்மிட் ஆக வேண்டியதில்லை. காலையில போய் சாயங்காலம் வந்தாலும் டே கேர் சிகிச்சையா கிளெய்ம் ஆகும். ஒவ்வொரு சைக்கிளுக்கும் தனித்தனியா முன் அனுமதி வாங்கணும். ஐஆர்டிஏஐ-யின் 2024 விதிப்படி, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு 1 மணி நேரத்துக்குள்ளயும், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு 3 மணி நேரத்துக்குள்ளயும் பதில் வரணும். பில்லிங் கவுண்டர்ல உட்கார்ந்து காத்திருக்கிறப்ப இதைத் தயங்காம சொல்லுங்க.

2. மாத்திரை கீமோ: இதுதான் என் முதல் தப்பு. டிரிப்புக்கு கேஷ்லெஸ் ஈஸியா வந்துச்சு. கேபசிடாபின் மாத்திரை பில்லை ரீஇம்பர்ஸ்மென்ட்டுக்கு அனுப்பினப்ப "இது ஓபி செலவு"ன்னு திருப்பிட்டாங்க. பாலிசி வாசகத்தை முன்னாடியே படிச்சிருந்தா, முதல் கடிதத்துலயே பதில் சொல்லியிருப்பேன். 2019-ல ஐஆர்டிஏஐ வெளியிட்ட வழிகாட்டுதல்ல, விலக்கக்கூடாத நவீன சிகிச்சைகள்னு ஒரு பட்டியல் இருக்கு. வாய்வழி கீமோதெரபியும் அதுல இருக்கு. அதை மேற்கோள் காட்டி, டாக்டரோட சிகிச்சைத் திட்டத்தையும் இணைச்சு மறுபடி அனுப்பினேன். பணம் வந்தது. ஒண்ணு கவனிங்க: முழுசா விலக்க முடியாதுன்னாலும், கம்பெனி உச்சவரம்பு வைக்கலாம். உதாரணமா ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில இந்த நவீன சிகிச்சைகளுக்குக் காப்பீட்டுத் தொகையில 50 சதவீதம் வரைதான்.

3. பில் அனுப்பும் கெடு: இது ரெண்டாவது தப்பு. ஜனவரி, பிப்ரவரி மாத்திரை பில்லையெல்லாம் மொத்தமா சேர்த்து அனுப்பலாம்னு ஃபைல்ல வச்சிருந்தேன். ஜனவரி 3-ஆம் தேதி சைக்கிளுக்கான கெடு தாண்டிப் போச்சு. ரூ.7,400 போனது போனதுதான். ஒவ்வொரு சைக்கிளும் தனி கிளெய்ம். போன்ல தேதி போட்டு அலாரம் வையுங்க.

4. ரெஸ்டோரேஷன்: "தொகை தீர்ந்தா மறுபடி நிரம்பும்"னு விளம்பரத்துல சொல்வாங்க. அதே நோய்க்கு அதே வருஷத்துல நிரம்புமா? பல பாலிசியில நிரம்பாது. கீமோவுக்கு முக்கியமான வரி அதுதான், தேடிப் படிங்க.

கிளெய்ம் மறுத்தா முதல்ல கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்க. 30 நாள்ல பதில் வரலைன்னாலோ, வந்த பதில் சரியில்லைன்னாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. ஒரு வருஷத்துக்குள்ள போகணும். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையிலயே இருக்கு.

கீமோ நடுவுல வேலை மாறலாமா?

உங்கள்ல பலருக்கு இதுதான் முக்கியமான பகுதி.

டிசம்பர் நடுவுல தம்பிக்கு ஒரு ஆஃபர் வந்துச்சு. மாசம் கைக்கு ரூ.22,000 கூடுதல். பிப்ரவரி 12-ல சேரச் சொன்னாங்க. அவன் ராஜினாமா மெயிலை டைப் பண்ணி வச்சிட்டு எனக்கு போன் பண்ணினான். நான் கேட்ட ஒரே கேள்வி: "புது கம்பெனி பாலிசியில அப்பா அம்மா உண்டா?" கேட்டுப் பார்த்தான். மனைவி, குழந்தைகள் மட்டும்தானாம்.

ஆபீஸ் குரூப் பாலிசி பொதுவா கடைசி வேலை நாளோட முடிஞ்சுடும். பிப்ரவரி 12-க்குப் பிறகு அப்பாவுக்கு 3 சைக்கிள் பாக்கி, ரூ.96,000. சேரும் தேதியை ஏப்ரல் முதல் வாரத்துக்குத் தள்ளினா அவனுக்கு இழப்பு ஒன்றரை மாசத்து கூடுதல் சம்பளம், சுமார் ரூ.33,000. புது எச்ஆர்-கிட்ட விஷயத்தை நேராச் சொன்னான். தேதியைத் தள்ளிக் கொடுத்தாங்க.

ஆனா கதை அதோட முடியலை. ஏப்ரலுக்குப் பிறகு அப்பாவுக்குக் காப்பீடு? குரூப் பாலிசியை விட்டு வர்றவங்க அதே கம்பெனியோட தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பிக்கலாம். அப்படி மாறினா, குரூப்ல இருந்த காலம் காத்திருப்புக் காலத்துல கழியும். ஆனா ஏத்துக்கிறதும் மறுக்கிறதும் கம்பெனி முடிவு. விண்ணப்பிச்சோம். அம்மாவுக்குக் கிடைச்சது. அப்பாவுக்கு மறுத்துட்டாங்க.

அன்னைக்கு ராத்திரி தம்பி, "நான் இங்கயே இருந்துடறேன்"ன்னான். அப்பாதான், "என் உடம்பைக் காட்டி உன் வேலையைக் கட்டிப் போடாதேடா. போய்ச் சேரு"ன்னார். போனான்.

இதுதான் என் மூணாவது தப்பு, பெரிய தப்பும்கூட. அப்பாவுக்கு 55 வயசுல, நல்லா இருந்தப்பவே, தனியா ஒரு பாலிசி எடுத்திருக்கணும். "தம்பி ஆபீஸ்ல இருக்கே"ன்னு நான் விட்டுட்டேன். இப்ப அவரோட தொடர் பரிசோதனைக்கு மாசாமாசம் ஒரு தொகையைத் தனிக் கணக்குல போடுறோம். கீமோ முடிஞ்ச பிறகும் சில மாசத்துக்கு ஒருமுறை சிஇஏ ரத்தப் பரிசோதனை, இடையிடையே சிடி ஸ்கேன், கொலோனோஸ்கோபின்னு சுமார் 5 வருஷம் போகும். அதையும் பட்ஜெட்ல சேர்த்துக்கோங்க.

வரி: எல்லாரும் தப்பாப் போடுற 80டிடிபி

புற்றுநோய் சிகிச்சைச் செலவுக்கு 80டிடிபி பிரிவுல கழிவு உண்டு. நோயாளி 60 வயசுக்குக் கீழ இருந்தா ரூ.40,000 வரை, 60 தாண்டியிருந்தா ரூ.1,00,000 வரை. உங்களுக்கோ, உங்களைச் சார்ந்திருக்கிற மனைவி அல்லது கணவன், பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தவங்களுக்கோ நீங்க செலவு பண்ணியிருக்கணும். புற்றுநோய் நிபுணரோட பிரிஸ்கிரிப்ஷன்ல நோயாளி பேர், வயசு, நோயின் பேர், டாக்டரோட பேர், முகவரி, தகுதி, பதிவு எண் இவ்வளவும் இருக்கணும்.

இங்க ஒரு பொறி இருக்கு. செலவு 5 லட்சம், இன்சூரன்ஸ் 4 லட்சம் கொடுத்தது, கைக்காசு 1 லட்சம். அப்ப 1 லட்சம் கழிவு கிடைக்கும்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. சட்டத்தோட வாசகம் அப்படி இல்லை. முதல்ல செலவு அல்லது உச்சவரம்பு, இதுல எது குறைவோ அதை எடுக்கணும்: 1 லட்சம். அந்த 1 லட்சத்துல இருந்து இன்சூரன்ஸ் கொடுத்த தொகையைக் கழிக்கணும்: 4 லட்சம். மிச்சம் பூஜ்யம். இன்சூரன்ஸே இல்லாதவங்களுக்கும், ரொம்பக் குறைவா கிடைச்சவங்களுக்கும்தான் இந்தக் கழிவு உதவும்.

60 தாண்டிய பெற்றோருக்குக் காப்பீடே இல்லைன்னா, அவங்க மருத்துவச் செலவை 80டி-யில ரூ.50,000 வரை காட்டலாம். ரொக்கமாக் கொடுத்தா செல்லாது. யுபிஐ, கார்டு, வங்கி மூலமாக் கட்டுங்க.

இந்த ரெண்டு கழிவும் பழைய வரி முறையில மட்டும்தான். புது முறையில சம்பளக்காரங்களுக்கு 12.75 லட்சம் வரை வரியே வராதப்ப, இதுக்காக மட்டும் பழைய முறைக்குப் போக வேண்டாம். ரெண்டு விதமாவும் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுங்க. இன்னொண்ணு, 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம். பிரிவு எண்கள் மாறும், ஃபார்ம்ல குழம்பிடாதீங்க.

அதிகம் பேர் அறியாத ஒரு வசதி: உங்க கம்பெனியே சிகிச்சைச் செலவை ஏத்துக்கிட்டா, அரசு மருத்துவமனையிலோ, வருமான வரித்துறை அங்கீகரிச்ச மருத்துவமனையிலோ பண்ணின புற்றுநோய் சிகிச்சைக்கு அந்தத் தொகை உங்க சம்பள வருமானத்துல சேராது. இது கழிவு இல்லை, அதனால புது வரி முறையில இருக்கிறவங்களுக்கும் பொருந்தும். எச்ஆர்-கிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

கைக்குப் பணம் வர்ற மத்த வழிகள்

- இபிஎஃப்: உங்களுக்கோ குடும்பத்தாருக்கோ நோய்ச் சிகிச்சைன்னா முன்பணம் எடுக்கலாம். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. பர்சனல் லோன் போறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

- ஈஎஸ்ஐ: மாசச் சம்பளம் ரூ.21,000-க்குள்ள இருந்தா உங்களுக்கு இது பொருந்தும். சிகிச்சை மட்டும் இல்லை. புற்றுநோயால வேலைக்குப் போக முடியாத தொழிலாளிக்கு, ரெண்டு வருஷ சர்வீஸ் இருந்தா, நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவியா ஊதியத்துல 80 சதவீதம் வரைக்கும் கிடைக்கும். அதிகபட்சம் ரெண்டு வருஷம்.

- முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்: குடும்ப ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள்ள இருக்கணும். வருஷத்துக்கு 5 லட்சம் வரை. ஊர்ல இருக்கிற உறவுக்காரங்களுக்குச் சொல்லுங்க.

- ரயில் சலுகை: சிகிச்சைக்கோ செக்கப்புக்கோ போற புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர், மூணடுக்கு ஏசியில டிக்கெட் இலவசம். துணைக்கு வர்றவருக்கு அந்த வகுப்புகள்ல 75 சதவீதத் தள்ளுபடி. ஆஸ்பத்திரி சான்றிதழ் வேணும். மதுரையில இருந்தோ நெல்லையில இருந்தோ மாசாமாசம் சென்னைக்கோ வேலூருக்கோ வர்ற குடும்பத்துக்கு இது பெரிய உதவி.

- நண்பர்கள் திரட்டுற பணம்: சட்டம் சொல்ற உறவினர் கொடுத்தா வரி இல்லை. நண்பர்கள், ஆபீஸ்காரங்க கொடுத்தது ஒரு வருஷத்துல மொத்தம் ரூ.50,000 தாண்டினா முழுத் தொகையும் வாங்கினவர் வருமானமாகும். சித்தப்பா பையன்கூட இந்தச் சட்டத்துல உறவினர் இல்லை! உதவித்தொகை நோயாளியோட சொந்தக் கணக்குக்கே வரட்டும். வேற வருமானம் இல்லாதவருக்குப் பெரும்பாலும் வரி வராது. உங்க கணக்குல வாங்கினா உங்க சம்பளத்தோட சேரும். கைமாத்து வாங்கினா ரூ.20,000 அல்லது அதுக்கு மேல ரொக்கமா வாங்காதீங்க, வங்கி வழியா வாங்குங்க.

இந்த வாரம் செய்ய வேண்டியது

1. ஆபீஸ் பாலிசியில பெற்றோரைச் சேர்க்க முடியுமா, எந்த மாசம் அதுக்கான நேரம்னு எச்ஆர்-கிட்ட கேளுங்க. பல குரூப் பாலிசியில ஏற்கெனவே இருக்கிற நோய்க்கும் முதல் நாளே காப்பீடு உண்டு.

2. அதையே நம்பி இருக்காதீங்க. பெற்றோர் நல்லா இருக்கிறப்பவே தனிப் பாலிசி எடுங்க. சுகர், பிபி எதையும் மறைக்காதீங்க. ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் இப்ப அதிகபட்சம் 3 வருஷம்தான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் கிடையாது.

3. உங்களுக்கு கிரிட்டிகல் இல்னஸ் பாலிசி ஒண்ணு பாருங்க. பாலிசி சொல்ற அளவுக்கான புற்றுநோய் உறுதியானா மொத்தத் தொகையாக் கொடுப்பாங்க. சம்பளம் நிக்கிற மாசங்களுக்கு அதுதான் கை கொடுக்கும்.

4. மலத்துல ரத்தம், காரணமில்லாம எடை குறையுறது, வழக்கத்துக்கு மாறான மலச்சிக்கல்னு வீட்டுல யாராவது சொன்னா "மூலமா இருக்கும்"னு தள்ளாம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. எங்க அப்பா எட்டு மாசம் அப்படித்தான் தள்ளினார்.

கீமோ முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் எடுத்த ஸ்கேன் எல்லாம் சுத்தம். விரல் மரப்பு இன்னும் கொஞ்சம் இருக்கு, ஆனா பட்டனை அவரே போட்டுக்கிறார். ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் முந்தின நாள் வீட்டுல யாரும் அதிகம் பேசுறதில்லை.

80டிடிபி கணக்கையும் மாத்திரை கீமோ கிளெய்முக்கு நான் எழுதின கடிதத்தோட மாதிரியையும் நம்ம சேனல் வீடியோவுல காட்டியிருக்கேன். உங்க பாலிசியில குழப்பமான வரி ஏதாவது இருந்தா கேளுங்க, பார்த்துச் சொல்றேன். இன்னைக்கு ராத்திரி அப்பா அம்மாவுக்கு போன் பண்றப்ப, பாலிசி பேப்பர் எங்க இருக்குன்னு மட்டும் கேட்டு வையுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.